மெழுகு போட்ட தரை

வேன் பிரேக் போட்டபோதெல்லாம் விருத்தாசலம் முன்பக்கம் சறுக்கிப் போனான். வெள்ளைத் துணியில் சுற்றிக் கிடந்த அந்த உடம்புக்குத் தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை; தகரத் தளமோ வழவழவென்று இருந்தது. அவன் மனைவி பாஞ்சாலி சீட்டிலிருந்து குனிந்து குனிந்து இழுத்து வைத்துப் பார்த்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் பொறுக்க முடியாமல் கீழே இறங்கி உட்கார்ந்து, தன் கால்களை அவனுக்கு இரண்டு பக்கமும் நீட்டி முட்டுக் கொடுத்தாள்.

"ஏம்மா, மேல குந்திக்கினு வர்றதுதானே?" என்றார் டிரைவர் பக்கத்தில் இருந்த பச்சைமுத்து. அவர் செத்தவனுக்கு அண்ணன்.

"ஓடுறாரு மாமா."

"இன்னாது?"

"சறுக்கிக்கினு ஓடுறாரு. வண்டியப் பாத்து ஓட்டச் சொல்லுங்க. ஜல்தியா போயி இன்னா ஆவப்போவுது?"

பச்சைமுத்து டிரைவர் தோளைத் தொட்டார். வேன் மெதுவானது. விழுப்புரம் ஆஸ்பத்திரியில் விடிகாலையில் உயிர் போயிருந்தது. உட்கார்ந்தே கிடந்து வந்த புண், சீழ் வைத்து ரத்தத்தில் கலந்துவிட்டது. டாக்டர்கள் பார்க்காத வைத்தியம் இல்லை. பாஞ்சாலி இன்னும் அழவில்லை. அழுகைக்குப் பதிலாக எரிச்சல்தான் வந்துகொண்டிருந்தது. டிரைவர் மேல், வெயில் மேல், ஆறுதலாக ஒரு வார்த்தை பேசாமல் வருகிற இந்த மூத்தார் மேல்.

கூட்டேரிப்பட்டு வந்தது. டீக்கடை, பழக்கடை, திரும்பி நிற்கிற பஸ். இங்கேதான் மண்டிக்கு வேர்க்கடலை மூட்டை ஏற்றி வந்த லாரி, மூட்டைகளின் மேலிருந்து தவறி விழுந்த விருத்தாசலத்தின் முட்டிக்கு மேலே ஏறி இறங்கியது. பச்சைமுத்து முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். பாஞ்சாலி அதைப் பார்த்தாள். இவர் எப்பவுமே இப்படித்தான், பார்க்க வேண்டியதைப் பார்க்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

திண்டிவனத்தில் வீட்டு வாசலில் பந்தல் போட்டாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி நிலைப்படியில் நின்று டிராபிக் போலீஸ் மாதிரி கைகாட்டிக்கொண்டிருந்தாள்.

"நடுவுல காலு வக்காதீங்க. ஓரமா வாங்க, ஓரமா. மெழுகு போட்ட தரை, வழுக்கி வுட்ரும்."

ஒலக்கூரிலிருந்து வந்த குப்பம்மாள், விருத்தாசலத்துக்கு அத்தை முறை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள். "இன்னாடி இது அநியாயம், சாவு வூட்ல மாரடிச்சி அழலாம்னு வந்தா சர்க்கஸ் காட்ட வேண்டிகீது?"

அந்தத் தரைக்கு ஒரு கதை உண்டு.

வெளியே போவதற்கு விருத்தாசலம் பேரிங் வண்டி வைத்திருந்தான். ஒரு பலகை, அடியில் நாலு பேரிங். அதில் உட்கார்ந்து கையால் தரையைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போவான். அங்கே புங்க மரத்தடியில் ஸ்டவ் ரிப்பேர் செய்வான். வீட்டுக்குள் அந்த வண்டியை ஓட்டினால் சிமென்டு பெயர்ந்தது, சத்தம் காதைப் பிளந்தது. "வூட்டுக்குள்ள ரயிலு வுட்டுக்கினு இருக்காத" என்று பாஞ்சாலி கத்தினாள். அதனால் வீட்டுக்குள் மணை. கல்யாணத்தில் இரண்டு பேரையும் ஒன்றாக உட்கார வைத்துத் தாலி கட்ட வைத்த அதே பலா மணை.

ஆனால் மணை சறுக்கவேண்டுமே. முதலில் தேங்காய் எண்ணெய் தடவினார்கள். எறும்பு படை திரட்டிக்கொண்டு வந்து அவன் தொடையைக் கடித்தது. விளக்கெண்ணெய் தடவினார்கள். தெருமண் எல்லாம் ஒட்டிக்கொண்டு மணை இருந்த இடத்திலேயே குடித்தனம் பண்ணியது. துணி சோப்பு நன்றாகத்தான் வேலை செய்தது, தண்ணீர்க் குடத்தோடு பாஞ்சாலி அதன்மேல் நடந்து போகிறவரை. டீக்கடையில் கேரம் ஆடுகிற ஒருவர் சொன்னாரென்று முகப்பவுடர் கொட்டிப் பார்த்தான். மணை பறந்தது. சாயங்காலம் பார்த்தால் அவனுக்குப் புருவம் வரை வெள்ளை.

"கூத்துக்கு வேஷம் கட்டினாப்புல கீற" என்று அவள் சிரித்தாள். "மூஞ்சிக்கே பவுடர் இல்லாத வூட்ல தரைக்குப் பவுடர் கேக்குது."

மெழுகு, ஆரோக்கியமேரி கொண்டுவந்தது. கல்லறைத் திருநாள் கழிந்த மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளை ஒரு டப்பா நிறையப் பொறுக்கி வந்தாள். பாஞ்சாலிக்கு உடம்பு கூசியது. செத்தவர்களுக்கு ஏற்றினதை நடுவீட்டில் தேய்ப்பதா?

"செத்தவங்களே ஒண்ணும் சொல்லல, உனுக்கு இன்னாடி பேஜாரு?" என்றான் விருத்தாசலம். தரையில் கோடு கோடாக இழுத்து, பழந்துணியால் அழுத்தித் தேய்த்து, மணைக்கு அடியிலும் பூசினான். ஏறி உட்கார்ந்து ஒரு தள்ளுத் தள்ளினான். அடுப்படியிலிருந்து வாசல் வரை சத்தமே இல்லாமல் போனான். அங்கிருந்து தெருவுக்கு இறங்குகிற சிமென்டுச் சரிவிலும் பூசினார்கள். அன்றிலிருந்து வருஷா வருஷம் டப்பா வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் வீடு மெழுகுகிற மாதிரி பாஞ்சாலி அந்தத் தடத்தை மெழுகு போட்டுத் தேய்த்து வைத்தாள். நடுவழி அவனுக்கு, சுவரோரம் மற்றவர்களுக்கு என்று ஆகிவிட்டது.

ஒரு பொங்கலன்று பச்சைமுத்து கரும்போடு வந்து மல்லாந்து விழுந்தார். "இப்பத்தான் அண்ணனும் நானும் ஒரே ஒசரம்" என்று விருத்தாசலம் கைகொட்டிச் சிரித்தான்.

அவனுக்கு வாய் அப்படி. யாராவது பரிதாபமாகப் பார்த்தால் போதும், "காலு எங்கயும் போவலங்க, பாண்டி பீச்சுல காத்து வாங்கிக்கினு கீது" என்பான். பாண்டிச்சேரியில்தான் ஆபரேஷன் நடந்தது. கேட்டவர்கள் சிரித்துவிடுவார்கள். பச்சைமுத்து மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். தம்பி முடமானது இவருக்குக் கேவலமாக இருக்கிறது என்று பாஞ்சாலி நினைத்தாள். அதை மனசில் வைத்தே அவருக்கு இத்தனை நாளும் சோறு போட்டாள்.

குளிப்பாட்டியாகிவிட்டது. நெற்றியில் திருநீறு, வாய்க்கட்டு, புது வேட்டி. குப்பம்மாள் வெள்ளைத் துணியில் ஒரு நாடா கிழித்தாள். கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். கிழித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாடாவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வேட்டியின் கீழ்ப்பக்கம் பார்த்தபடி நின்றாள். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தினார்கள்.

"எதுல கட்றது?" என்றாள் குப்பம்மாள், யாரையும் பார்க்காமல். பிறகு நாடாவைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அப்போது வெளியே பாடை கட்டுகிற மண்ணாங்கட்டியின் குரல் கேட்டது. "எம்மா நீளம் வெட்றதுங்க?"

"பாதி போதும்" என்றார் பச்சைமுத்து. "பாதி நீளத்துக்கு வெட்டு."

பாஞ்சாலி எழுந்தாள். யாரோ கையைப் பிடித்து இழுத்தார்கள். "தாலி கட்டினவன் தலைமாட்டுல குந்தாம எங்கடி போற?" என்று குப்பம்மாள் அதட்டினாள். பாஞ்சாலி கையை உதறிக்கொண்டு சுவரோரமாக நடந்து வாசலுக்கு வந்தாள்.

"முழுசா வெட்டு" என்றாள் மண்ணாங்கட்டியிடம்.

மூங்கிலுக்கு மேல் கத்தி நின்றது. மண்ணாங்கட்டி பச்சைமுத்துவைப் பார்த்தார்.

"பாஞ்சாலி, உள்ள போ" என்றார் பச்சைமுத்து.

"போவ மாட்டேன். பாதிப் பாடைன்னா இன்னா அர்த்தம்? அவுரு இன்னா பச்சப் புள்ளையா? மண்டியில தராசுக் கொம்பு தலையில இடிக்கும்னு குனிஞ்சிக்கினு போன மனுசன். காலு போன நாள்லேர்ந்து எல்லாரும் அவுரக் குனிஞ்சிதான் பாத்தீங்க. டீக்கடையில கிளாஸக் கீழ வச்சிக் குடுப்பான். கடைசி ஒரு நாளு, ஒரே நாளு, முழு ஆளாப் போவட்டுமே. அதுகூடவா உங்களுக்குப் பொறுக்கல?"

"நான் சொல்றத..."

"கால்கட்டுக்கூட இல்லாமப் போறாரு மாமா. துணியக் கிழிச்சிக் கையில வச்சிக்கினு நிக்கிறாங்க, கட்டறதுக்கு ஒரு வெரலு இல்ல. இதுல பாடையும் பாதியா?"

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. பறை அடிப்பவர்கள் கூட நிறுத்திவிட்டார்கள். பச்சைமுத்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். எழுந்து போகப்போகிறார் என்று பாஞ்சாலி நினைத்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கால்கட்டு கட்டியாச்சி" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"நான்தான் கட்டினேன். அன்னிக்கே." அவர் குரல் தணிந்திருந்தது. "பாண்டியில அறுத்து எடுத்தாங்கல்ல. எரிச்சிருவோம்னாங்க. எங்கள்ல பொதைக்கிறதுதான் வழக்கம், குடுத்துருங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டு வாங்கினேன். வாழையெலையில சுத்தி, கோணியில கட்டி, பஸ்ல மடியில வச்சிக்கினு வந்தேன். பக்கத்துல குந்தியிருந்தவரு, இன்னாங்க, வாழத்தாரான்னாரு. ஆமான்னேன். நல்ல கனமா, எங்க வாங்கினீங்கன்னாரு. பாண்டி மார்க்கெட்லன்னேன்."

பாஞ்சாலி பந்தக்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"முட்டிக்கு மேலதான் சக்கரம் ஏறிச்சி. பாதம் ரெண்டும் அப்டியே இருந்திச்சிம்மா. ஒரு கீறலு இல்ல. கழுவினேன். மஞ்சத்தண்ணி தெளிச்சேன். வெரலு ரெண்டையும் சேத்துக் கட்டி, எங்க அப்பனப் பொதைச்ச எடத்துக்குப் பக்கத்துல பொதைச்சிட்டு வந்தேன். ஒண்டியா."

"அவுருக்குச் சொல்லலியா?"

"அவன்தான் பீச்சுல காத்து வாங்குதுன்னு சிரிச்சிக்கினு இருந்தானே. நான் போயி, இல்லடா, மண்ணுல போட்டு மூடிட்டேன்னு சொல்றதா?"

 அவர் துண்டை உதறி எழுந்துபோன ஒவ்வொரு முறையும் அவள் கண்முன் வந்தது. எத்தனை தடவை மனசுக்குள் வைதிருப்பாள் என்று வெட்கமாக இருந்தது.

"முழுப் பாடை கட்டினா அந்தக் காலையும் திரும்ப எடுத்தாப்புல ஆயிரும். ஒரே காலுக்கு ரெண்டு தபா சாவு எடுக்கக் கூடாதும்மா" என்றார் பச்சைமுத்து. "எடுத்தா அந்த வூட்ல இன்னொரு சாவு வுழும்னு பெரியவங்க சொல்லுவாங்க. இந்த வூட்ல இனிமே யாரு கீறா? நீ ஒருத்திதான். அதான் பாதின்னேன்."

பாஞ்சாலி பந்தக்காலை விட்டு அவர் பக்கம் வந்தாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாது மாமா" என்றாள். கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஆனாலும் ஆயிட்டுப் போவுது. அது ஒரு எடத்துல இவுரு ஒரு எடத்துல வேணாம். அங்கயே கொண்டும்போங்க. அது இருக்கிற பக்கமாக் காலு நீட்டினாப்புல வைங்க. ஒண்ணாப் போயி சேரட்டும்."

பச்சைமுத்து மூக்கை உறிஞ்சினார். மண்ணாங்கட்டியின் பக்கம் திரும்பினார். "முழு ஆளுக்கு வெட்டுடா."

"குழி வேற பக்கம் தோண்டிக்கினு இருப்பாங்களே?"

"நான் போயிச் சொல்றேன். எடம் எனக்குத்தான் தெரியும்." பந்தலில் சாய்த்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிப்பக்கத்து இடுகாட்டுக்கு மிதித்தார்.

அவர் திரும்பி வந்தபோது பாடை தயாராக இருந்தது. அவர் கணுக்காலில் செம்மண். உடம்பை எடுக்க நாலு பேர் உள்ளே வந்தார்கள். இரண்டு பக்கமும் சுவர் நெருக்கம். தூக்கிக்கொண்டு நடுவில் நடந்தால் மெழுகு, ஓரத்தில் நடந்தால் இடமில்லை. முதல் ஆள் கால் வைத்ததுமே வழுக்கி நிலைக்கதவைப் பிடித்தார்.

"கொஞ்சம் சாம்பலைத் தூவுங்க" என்றார் அவர்.

"சாம்பல் வேணாம்" என்றாள் பாஞ்சாலி. மூலையில் சாய்ந்திருந்த மணையை எடுத்து வந்து போட்டாள். "இதுல வைங்க. அவுரு வழி அது."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைமுத்துதான் முதலில் குனிந்தார். தலையை அவர் தாங்க, மற்றவர்கள் இடுப்பைத் தாங்க, மணையில் கிடத்தினார்கள். இரண்டு பக்கமும் சுவரோரமாக நடந்தபடி ஒரு கை வைத்து லேசாகத் தள்ளினார்கள். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மணை சத்தமில்லாமல் போயிற்று. நிலைப்படியில் அவனுக்காக எப்போதோ செதுக்கி எடுத்த பள்ளத்தில் ஏறி இறங்கி, சரிவில் தானாகவே வழிந்து பந்தலுக்கு வந்து நின்றது. ஸ்டவ் ரிப்பேருக்குப் புறப்படுகிற காலை வேளை மாதிரி இருந்தது பாஞ்சாலிக்கு. மத்தியானம் சோற்றுக்கு வந்துடு என்று வாய்வரை வந்துவிட்டது.

பாடையில் வைத்து வேட்டியைக் கால் பக்கம் முழு நீளத்துக்கும் விரித்தார்கள். பூ போட்டார்கள். கொள்ளிச்சட்டியைப் பச்சைமுத்துவின் மூத்த மகன் சீனுவாசன் வாங்கிக்கொண்டான்.

"பின்னால கனமே இருக்காது, ஒருத்தர் பிடிச்சாப் போதும்" என்றார் மண்ணாங்கட்டி.

"கால் பக்கம் நான்" என்றார் பச்சைமுத்து.

"மூத்தவரு நீங்க. தம்பிக்குத் தோளு குடுக்கக் கூடாதுங்களே."

"முன்னயே தூக்கினவன்தான்டா" என்று சொல்லிவிட்டுத் தோளைக் கொடுத்தார்.

பறை அடித்தது. பாடை எழுந்தது. இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது, தோளுக்கு ஏறியது. பாஞ்சாலி அண்ணாந்து பார்த்தாள். அவன் முகம் கூரை இறவாரத்துக்குச் சமமாக இருந்தது. கடைசியாக அவனை அண்ணாந்து பார்த்தது எப்போதென்று அவளுக்கு நினைவில்லை. விழுப்புரத்திலிருந்து அடைத்துக்கொண்டு வந்தது அப்போது உடைந்தது. தெருப் புழுதியில் உட்கார்ந்து, "என் ராசா, எம்மா ஒசரம் நீ" என்று வாய்விட்டு அழுதாள். ஆரோக்கியமேரி அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

பெண்கள் தெருமுனை வரை போய்த் திரும்பினார்கள். ஆண்கள் திரும்பி வருவதற்குள் வீடு கழுவவேண்டும். பாயையும் தலையணையையும் குப்பம்மாள் வெளியே எறிந்தாள். மணையையும் தூக்கப் போனாள்.

"அது கெடக்கட்டும் அத்தை" என்றாள் பாஞ்சாலி.

அடுப்படியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் விட்டார்கள். சுவரோரத்தில் தரை நனைந்து கறுத்தது. நடுவில் தண்ணீர் ஒட்டவில்லை. முத்து முத்தாகத் திரண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டு ஓடியது. அடுப்படியிலிருந்து வாசல் வரை, மணை அகலத்துக்கு ஒரு தடம் காய்ந்தே கிடந்தது.

"இன்னாடி இது, எம்மா ஊத்தியும் ஈரமே புடிக்கல" என்றாள் குப்பம்மாள். "சோடா உப்பு போட்டுத் தேய்ச்சி எடுத்துடு பாஞ்சாலி. இனிமே யாருக்கு இது? வழுக்கி வுழுந்து நீ இடுப்ப ஒடிச்சிக்காத."

"தேய்க்கலாம் அத்தை."

ஆரோக்கியமேரி விளக்குமாற்றால் தண்ணீரை வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தாள். தலை வைத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றவேண்டும். எண்ணெய்க் கிண்ணம் அடுப்படியில் இருந்தது. பாஞ்சாலி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, ஈரத்தில் கால் நனைய, சுவரோரமாகவே நடந்து போனாள்.